மகளின் மற்ற இரண்டு குரல்கள்

என் மகள் முதன்முதலாகப் பேசிய சொல் ‘வா’. அவள் யாரைக் கூப்பிட்டாள்? இரண்டு மாதமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. அப்போது அறையில் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவருக்குப் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. வார இறுதியில் திருமண விருந்துகளுக்கு வாசிக்கும் ஒரு பேண்டில் கிட்டார் வாசிக்கிறார். நான் அதே பேண்டில் கோரஸ் பாடுகிறேன். முன்பு கோரஸுக்கு மூன்று பெண்கள் இருந்தோம். ஒருத்தி வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டாள். இன்னொருத்திக்கு சனி ஞாயிறும் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். பிள்ளை பெற்று ஐந்து மாதம் கழித்து நான் திரும்பிப் போனபோது, அவர்களுக்குப் பதிலாக என் காலடியில் செங்கல் அளவில் ஒரு பெடல் இருந்தது.

மைக்கில் நான் பாடுவது அதற்குள் போகும். கிட்டார் எந்தச் சுருதியில் போகிறது என்பதையும் அது கேட்டுக்கொள்ளும். காலால் ஒரு தட்டு தட்டினால், என் குரலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு குரல்கள் கூடவே பாடும். இரண்டும் என் குரலிலிருந்து எடுத்தவைதான். ஆனாலும் நான் இல்லை. மேலே பாடுகிறவள் என்னைவிட இளையவள். கீழே பாடுகிறவள் மூத்தவள், லேசாகச் சளி பிடித்தவள். நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவர்களும் மூச்சு வாங்குவார்கள். அதுதான் எனக்குப் பழகவே இல்லை.

பிறையில் ஒரு திருமண விருந்து. இடைவேளையில் பெண் வீட்டு ஆன்ட்டி ஒருவர் மூன்று தட்டு பிரியாணியோடு மேடைக்குப் பின்னால் வந்தார்.

“மத்த ரெண்டு பிள்ளைங்க எங்கமா? ஆறிப் போகுது.”

“நான் மட்டும்தான் ஆன்ட்டி. மத்ததெல்லாம் மெஷின்.”

“வெளையாடாத. ஒனக்குப் பின்னால நின்னாங்களே, நான்தான் பாத்தேனே.”

கீபோர்டு வாசிக்கும் அண்ணன் கையை நீட்டினார். “குடுங்க ஆன்ட்டி, அவங்க டயட்ல இருக்காங்க. நான் பாத்துக்கிறேன் லா.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு மீதிப் பாட்டுகளைத் திரும்பிப் பார்க்காமல் பாடி முடிக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

சனிக்கிழமை மதியங்களில் ஒத்திகை எங்கள் வீட்டில்தான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து திரும்பும் சந்தில், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து மாதம் இருக்கும். ஒத்திகை முடிந்து ஆண்கள் நாசி கண்டார் சாப்பிடக் கீழே போனார்கள். நான் பால் புட்டி கழுவ அடுப்படிக்குப் போனேன். மைக்கையும் பெடலையும் அணைக்கவில்லை. அதன் பக்கத்தில் பாயில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் அழும் சத்தம் கேட்டது. கூடவே இன்னும் இரண்டு குழந்தைகள் அழுதன.

ஈரக் கையோடு ஓடினேன். பெடல் கடைசியாகக் கேட்ட சுருதியைப் பிடித்து வைத்துக்கொண்டு அவள் அழுகையை மூன்றாக்கிக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று நிறுத்தினாள். மற்ற இரண்டும் ஒரு கணம் கழித்துத்தான் நிறுத்தின. அவள் ஸ்பீக்கர் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு வேண்டுமென்றே, கண்ணில் நீர் இல்லாமல், சின்னதாக ஒருமுறை அழுது பார்த்தாள். அவர்களும் அழுதார்கள். அவள் சிரித்தாள்.

“எக்கோ போட்டிருக்கேன்மா, அதான் கொஞ்சம் இழுக்குது,” என்றார் கணவர், சாப்பிட்டு வந்ததும். காரணம் புரிந்தது. பயம் போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் அழும் விதமே மாறிவிட்டது. பெடல் பையில் கிடக்கும் நாட்களிலும், கொஞ்சம் அழுவாள், நிறுத்துவாள், தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். சில சமயம், எதுவும் கேட்காத அந்த அமைதியில், தலையை ஆட்டிக்கொள்வாள். காது பரிசோதனை செய்து பார்த்தோம், குறை ஒன்றும் இல்லை.

பதினெட்டாம் மாதம் கிளினிக்கில் தாதி, என்னென்ன சொல் சொல்கிறாள் என்று கேட்டார். நான் பாலர் பள்ளி ஆசிரியை. மற்றவர் பிள்ளைகளைப் பேச வைப்பது என் வேலை. “அம்மா, அப்பா, பால்,” என்றேன். மூன்றும் பொய். அவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே நான் தனியாகப் பாடிப் பழகத் தரையில் உட்கார்ந்து மைக்கைத் தாழ்த்தி வைத்திருந்தேன். அவள் தத்தித் தத்தி வந்தாள், மைக்கின் மேல் வாயை வைத்தாள், தெளிவாக, “வா” என்றாள்.

ஸ்பீக்கரிலிருந்து இரண்டு பேர் “வா” என்றார்கள். இன்னொரு முறையும் சொன்னார்கள், மெல்ல. கீழ்க்குரல் ஏழெட்டு வயதுப் பெண்ணின் குரல். என் மகள் அந்த வயதில் இப்படித்தான் கூப்பிடுவாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. அவள் நேராக ஸ்பீக்கரிடம் நடந்து போய், அதன் வலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“பேசிட்டா இல்ல, சந்தோஷப்படேன்மா,” என்றார் வேலை முடிந்து வந்த கணவர்.

“யாருகிட்டங்க பேசுனா?”

“அவ குரல்கிட்டயே. நாமெல்லாம் சின்ன வயசுல ஃப்ளாட்டு படிக்கட்டுல நின்னு கத்தி, எக்கோ கேட்டு வெளையாடல?”

விளையாடியிருக்கிறோம். படிக்கட்டு கூப்பிட்டது என்று நான் இறங்கிப் போனதில்லை.

பெடலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் நாள் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளிலிருந்து மழலைகூட நின்றுவிட்டது. சாப்பிட்டாள், தூங்கினாள், நான் காட்டிய படங்களைப் பார்த்தாள். சத்தம் மட்டும் இல்லை. விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோதும் வாயைத் திறந்தாளே தவிர அழவில்லை. எட்டாம் நாள் நானே பூட்டைத் திறந்தேன். அன்றைக்கே “பால்” என்றாள், “போ” என்றாள், “இது” என்றாள். ஒவ்வொன்றையும் மைக்கில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

போன சனிக்கிழமை நான் ஒன்று செய்தேன். செய்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அவள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் அறையின் நடுவில் உட்கார்ந்து மைக்கில், “அம்மாகிட்ட வா,” என்றேன். மூன்று பேர் கூப்பிட்டோம்.

அவள் திரும்பினாள். அப்படி ஒரு முகமலர்ச்சியை நான் அதுவரை அவளிடம் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் கையை விரித்தேன். அவள் கவுனின் ஓரம் என் விரலில் பட்டது. என்னைத் தாண்டிப் போய் ஸ்பீக்கர் முன்னால் நின்று, தூக்கச் சொல்லிக் கைகளை உயர்த்தி, “அம்மா” என்றாள்.

மைக் தூரத்தில் இருந்ததால் பதில் வரவில்லை. கையை இறக்காமல் நின்றாள். நான் போய்த் தூக்கினேன். என் தோளுக்கு மேலாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் தாசேக் கெலுகோரில் ஒரு விருந்து இருக்கிறது. கோரஸுக்கு வேறு பெண் பார்த்துக்கொள்ளலாம், பெடல் வேண்டாம் என்றால் விற்றுவிடலாம் என்கிறார் கீபோர்டு அண்ணன். கணவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். பெடல் போனால் அவள் என்னிடம் பேச ஆரம்பிப்பாளா, அல்லது அந்த எட்டு நாள் மௌனம் அப்படியே நிலைத்துவிடுமா? இருக்கட்டும் என்று விட்டால், அவள் ‘அம்மா’ என்பது என்றைக்காவது என் பக்கம் திரும்புமா? பேச்சுப் பயிற்சியாளரிடம் போனால் இதை எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை, கிளினிக்கில் சொன்ன பொய் வேறு இருக்கிறது. இதைப் படிக்கும் அம்மாக்களே, உங்கள் பிள்ளைகளில் யாராவது இப்படி வேறொரு குரலைப் பிடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் அதை எடுத்துவிட்டீர்களா, காத்திருந்தீர்களா? தயவுசெய்து எழுதுங்கள். எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.