பாவு கட்டிய எல்லைக்கல்

ஆரணி நகராட்சி முடிந்து பக்கத்து ஊராட்சி தொடங்கும் இடத்தில், எங்கள் தெருக் கோடியில், ஒரு எல்லைக்கல் இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்டால் மட்டும், எந்த வாரம் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

பட்டு நெய்கிற தெரு. விடிந்ததும் பாவு நீட்டுவோம். புடவைக்கு நெடுக ஓடும் இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்கிற வேலை. ஒரு முனையைக் கட்ட அந்தக் கல்லைவிட நல்ல முளை கிடையாது. நீளப் பாவு வந்தால் கடப்பாரையால் கிளப்பி, என் வீட்டைத் தாண்டிப் புளியமரத்தண்டை நடுவோம். குட்டைப் பாவு வந்தால் என் வாசலுக்கு இந்தப் பக்கம், ஆரணிப் பக்கமாக. தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. "கல்லுதானே, கோச்சிகினா போவப்போவுது?" என்பார் பாவு வேலைக்குத் தலைவரான எதிர்வீட்டுக்காரர்.

எழுபதுகளில் என் மகள் வீட்டிலேயே பிறந்தாள். பதியப் போனேன். நகராட்சி குமாஸ்தா, உன் வீடு கல்லுக்கு அந்தப் பக்கம், கிராமக் கர்ணத்திடம் போ என்றார். கர்ணம், உன் வீடு கல்லுக்கு ஆரணிப் பக்கம், நகராட்சிக்குப் போ என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கடைசியாகப் பார்த்த கல்லைச் சொன்னார்கள்.

நடையாய் நடந்தேன். பதிவதற்கான ஒரு வருஷக் கெடு நாளையோடு முடிகிறது, தாண்டினால் கோர்ட்டு என்ற நிலையில் என் மனைவி கேட்டாள், "எம் பொண்ணு இன்னும் எந்த ஊர்லயும் பொறக்கலியா?"

கையைக் காலைப் பிடித்து இரண்டு பேரையும் மறுநாள் காலையில் ஒன்றாகக் கூட்டிவந்தேன். கல்லில் குட்டைப் பாவு கட்டியிருந்தது, கஞ்சி ஈரத்தோடு. கர்ணம் ஊர் எல்லைப் படத்தை விரித்தார். அதில் எல்லா அளவும் 'கல்லிலிருந்து' என்றே இருந்தது. சரி, பிள்ளை பிறந்த அன்றைக்குக் கல் எங்கே இருந்தது என்று குமாஸ்தா கேட்டார்.

எதிர்வீட்டுக்காரர் சட்டென்று சொன்னார். "அன்னிக்கு அரக்குப் பாவு சார். நீளம். கல்லு புளியமரத்தாண்ட."

"அரக்கு மொத நாளுங்க. பொண்ணு பொறந்தது வெங்காயக் கலருக்கு. கல்லு இந்தாண்ட," என்றார் அவர் மனைவி.

தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. குமாஸ்தா 'வெங்காயக் கலர்' என்று எழுதி அடித்தார். கடைசியில் கர்ணம் படத்தைச் சுருட்டினார்.

"பேஜாரா கீது சார். அந்த வீட்ட நீங்களே வச்சிக்குங்க."

"அப்ப கல்லை அந்தாண்ட நடச் சொல்லுங்க. நான் கண்ணால பாத்துதான் எழுதணும்."

எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையைத் தொடவில்லை. "பாவு காயட்டும் சார். இப்ப அவுத்தா மூணு பொடவ நாசம்."

மகளுக்கு ஊர் வேண்டும்; ஆனாலும் ஈரப் பாவை அவிழ்க்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நானும் நெசவுக்காரன்தானே. இரண்டு சர்க்காரும் என் வாசலில் உட்கார்ந்து இரண்டு தடவை டீ குடித்தன. வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டி, நாலு பேர் கல்லைத் தூக்கிப் புளியமரத்தண்டை நட்டோம். குமாஸ்தா எழுந்து கண்ணால் பார்த்தார். எழுதினார்.

என் மகள் நகராட்சியில் பிறந்தவள். காகிதம் இருக்கிறது. அவள் பிறந்த வீடு மட்டும், அடுத்த வாரம் ஒரு குட்டைப் பாவு வந்ததும், ஊராட்சிக்குத் திரும்பிப் போய்விட்டது.