லோடக்காவின் எட்டடி பாடி

லோடக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பிளைவுட் கடையில் அது யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் பிக்கப் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தவள், அதன்பிறகு இறங்கியது சாப்பிடவும் தூங்கவும் ஒரு பிள்ளை பெறவும்தான். கடைக்குப் பலகை வரவேண்டும் என்றாலும், கடையிலிருந்து தச்சர்களின் பட்டறைக்குப் போகவேண்டும் என்றாலும் அவள் வண்டிதான். லோடு கொண்டுவருகிற அக்கா தேய்ந்து லோடக்கா ஆகிவிட்டாள். வீட்டில் கணவர்கூடச் சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அப்பா போனபிறகு வண்டி தம்பி பேருக்கு மாறியது. ஓட்டப்போவது நான்தானே, பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்று அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையை அப்புறம் எத்தனையோ முறை அவளே அடித்துக்கொண்டாள். தம்பி ராத்திரியில் அவள் கண்ணில் படாமல் வண்டியைத் தன் மச்சானிடம் கொடுத்து வேறு லோடு அடிக்க ஆரம்பித்தான். காலையில் வண்டி திரும்பி வருவதற்குள் கடை லோடு தாமதமாகும். கடை முதலாளி ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டு, ஏன் இப்படி என்று கேட்டார்.

லோடுமேன்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். லோடக்கா பத்தடி தள்ளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் எங்க அக்காவாலதான் முதலாளி," என்றான் தம்பி. "பொம்பளைங்க ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். கண்ணாடியில வண்டியப் பாப்பாங்கன்னா நினைக்கிறீங்க? மூஞ்சியத்தான் பாப்பாங்க. நாளையிலேர்ந்து என் மச்சான் ஓட்டட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். லோடக்கா சாவியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வேலை போனதுகூடப் பெரிதில்லை, அவளுக்கு ஓட்டத் தெரியும், எங்கேயாவது ஒரு ஸ்டியரிங் கிடைக்கும். சொன்னது பொய் என்று அவன் வாயாலேயே, அதே இடத்தில், அதே ஆட்களின் முன்னால் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். அதற்கு முதலில் அவனை மண்ணைக் கவ்வ வைக்கவேண்டும்.

கறுவிக்கொண்டே பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். கறுவிக்கொண்டே பால் வண்டி ஓட்டினாள். கடைசியில் ஒருநாள் வங்கிக் கடன் கிடைத்ததும், கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வண்டி விற்கும் இடத்துக்குப் போனாள்.

அங்கே ஒரே பிக்கப் இரண்டு உருவத்தில் நின்றது. ஒன்றுக்கு நாலு கதவு, பின்னாலும் உட்கார இடம், அதனால் லோடு ஏற்றுகிற பாடி குட்டை. இன்னொன்றுக்கு இரண்டே கதவு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை, மிச்ச நீளமெல்லாம் பாடிதான், முழுசாக எட்டடி. விற்பனையாளர் நல்ல பையன். மேடம் மேடம் என்று பின்னாலேயே வந்தான்.

"ஃபேமிலின்னா நாலு கதவுதான் மேடம் பெஸ்ட். சின்னச் சந்துலகூட லட்டு மாதிரி திரும்பும். நீளப் பாடி லோடு மட்டும் அடிக்கிறவங்களுக்கு."

கணவர் தையல்காரர். நாள் முழுக்க மெஷினில் குனிந்து முதுகு போனவர். நாலு கதவு வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார், சாய்ந்தார், இறங்க மனசு வரவில்லை. "மெத்துன்னு இருக்கு. மூணு பேரும் ஒண்ணா எங்கயாவது போகலாம். நம்ம மூணு பேரும் ஒண்ணாப் போயி எத்தனை வருசமாச்சு, சொல்லு."

"முன்னாடி ரெண்டு சீட்டுதான்னா நான் எங்கம்மா உக்கார்றது?" என்றாள் மகள். "பலகையோட பலகையா என்னையும் கயித்துல கட்டிடுவியா?"

லோடக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவரின் கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை உருவி நீளப் பாடியில் ஏறினாள். தையல் டேப் ஐந்தடியோடு முடிந்துவிடும். அதனால் பாதியில் விரலை வைத்து மறுபடி அளந்தாள். பிளைவுட் பலகை எட்டடி. தம்பி வைத்திருக்கும் அப்பாவின் வண்டி குட்டைப் பாடி. எட்டடிப் பலகையை ஏற்றினால் பின்கதவை மூடமுடியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணியைக் கட்டிக் கயிற்றால் இறுக்கித்தான் ஓட்டவேண்டும். மழை வந்தால் நீட்டிய முனை நனைந்து உப்பும், பள்ளத்தில் விழுந்தால் மூலை உடையும். இத்தனை வருஷம் அந்த வண்டியோடு மல்லுக்கு நின்றவளுக்கு அதன் குறையெல்லாம் அத்துப்படி. எட்டடி பாடியில் பலகையைத் தள்ளிக் கதவைச் சாத்தித் தார்ப்பாயை மூடினால் ஒரு சொட்டு உள்ளே போகாது. கடை முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

"இதுதான்," என்றாள்.

"வியாபாரத்துக்கா, இல்ல உன் தம்பிக்கா?" என்று கேட்டார் கணவர்.

"தம்பிக்குத்தான்." ஒளிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கணவர் பின்சீட்டிலிருந்து மெல்ல இறங்கிக் கதவைச் சாத்தினார். டேப்பைத் திரும்பக் கேட்கவும் இல்லை. புது வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவரும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தது என்று சொல்வதும் தப்பு. பலகையை அளந்தவள், தம்பி வண்டியை மனசுக்குள் அளந்தவள், கடை வாசலை அளந்தவள், தன் தெருவின் வளைவை அளக்க மறந்துபோனாள். கோபத்தில் கடைக்குப் போகிறவர்கள் இப்படித்தான். முன்னால் எடுத்தாள், பின்னால் எடுத்தாள், அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் வந்து ஆளுக்கொரு பக்கம் கைகாட்டியது. எட்டடி பாடி அந்த வளைவில் திரும்ப மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் தெருமுனையில், குழாயடிக்குப் பக்கத்துப் பொது இடத்தில் நிறுத்தினாள். இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வண்டி தெருமுனையில் இருக்கும் தம்பி வீட்டு முன்ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அன்றைக்கு ராத்திரி அவள் சுகமாகத் தூங்கினாள்.

மறுநாளிலிருந்து லோடு இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் நிறுத்துவாள். தார்ப்பாயையும் கொஞ்சம் உயரமாகவே கட்டுவாள். தம்பி பெண்டாட்டி பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் காய் நறுக்கினாள். தம்பி ஒருநாள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தான்.

"வண்டிய எடுக்கா. வீடு குகை மாதிரி கெடக்கு."

"எடுக்கலாம்தான். எனக்குத்தான் ரிவர்ஸ் வராதே," என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

மழைக்காலம் வந்தது. லோடக்கா எதிர்பார்த்து எண்ணிக்கொண்டிருந்த மழை. தம்பியின் மச்சான் ஓட்டி வந்த பலகைகள் ஒருபக்கம் உப்பி வந்தன. தச்சர்கள் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி முதலில் பாதி லோடை லோடக்காவுக்குக் கொடுத்தார், அவள் கொண்டுபோன பலகை காய்ந்த பலகையாகவே போய்ச் சேர்ந்தது. மீதி லோடும் வந்தது. மச்சான் வேறு வேலை பார்த்துக்கொண்டு கழன்றுவிட்டான். தம்பி பெண்டாட்டி ஒருநாள் கண் கலங்க வந்து, "பாதியாவது விட்டுக்குடுங்க அண்ணி," என்றாள். லோடக்கா காபி போட்டுக் கொடுத்தாள், ஆறுதலாக நாலு வார்த்தை பேசினாள், பாதியை மட்டும் விடவில்லை. ஓடாத வண்டியை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி கடைசியில் அதை விற்றான்.

அதன்பிறகு ஒரு சாயங்காலம் தெருமுனையில் அவளுக்காகக் காத்து நின்றான். ஆள் இளைத்திருந்தான்.

"லோடு அதிகமாயிடுச்சு, உன் வண்டிக்கு இன்னொரு டிரைவர் வேணும்னு முதலாளிகிட்டச் சொன்னியாமே."

"சொன்னேன்."

"நான் வரேன்."

லோடக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாளாகப் பாத்திரம் கழுவும்போதும் பல் விளக்கும்போதும் ஒத்திகை பார்த்த பேச்சு அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "நாளைக்குக் கடைக்கு வா. அன்னைக்கு எங்க நின்னு சொன்னியோ அங்க நில்லு. நீ சொன்னது பொய்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் சாவி தரேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

மறுநாள் லோடக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு லோடுக்குப் போனாள். டீ நேரம் வரும்வரை காத்திருந்தாள். லோடுமேன்கள் கண்ணாடி டம்ளரோடு சுற்றி உட்கார்ந்ததும் தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவன் எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது.

"அன்னைக்கு எங்க அக்காவப் பத்தி இங்க வச்சு நான் சொன்னது பொய். லோடு லேட்டானது என்னாலதான். நான் வண்டிய மச்சான்கிட்டக் குடுத்து வெளி லோடு அடிச்சேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

லோடுமேன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்த லோடுமேன் டீயை ஒரு மிடறு விழுங்கினார்.

"என்னைக்குச் சொன்ன?"

"அதான்... ரிவர்ஸ் வராதுன்னு. கண்ணாடியில மூஞ்சி பாப்பாங்கன்னு."

"அப்படியா சொன்ன? நாங்க சிரிச்சமா?" அவர் மற்றவர்களைக் கேட்டார். யாருக்கும் ஞாபகமில்லை. முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா வயசாச்சுன்னு தானா நின்னுட்டதா இல்ல நினைச்சேன்?" என்றார்.

லோடக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எத்தனை ராத்திரி, எத்தனை பல்கடி. அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளால் இன்றைக்கும் ஆள் காட்டிச் சொல்லமுடியும். இவர்களோ டீயைக் குடித்து டம்ளரைக் கழுவும்போதே அதையும் சேர்த்துக் கழுவிவிட்டிருக்கிறார்கள். அவள் கணவரின் முதுகையும் மகளின் இடத்தையும் கொடுத்து வாங்கிய பழி, கேட்க ஆளில்லாமல் அந்த முற்றத்தில் விழுந்து கிடந்தது. தம்பி மேல் இருந்த கோபம் குறையவில்லை, இரட்டிப்பானது. மன்னிப்புக் கேட்கும்போதுகூட இவன் என்னை முட்டாளாக்கிவிட்டான் என்று நினைத்தாள்.

அவன் சாவிக்குக் கை நீட்டினான்.

"சாவி எங்கிட்டதான் இருக்கும். பலகை இறக்க ஆள் வேணும். வர்றதுன்னா ஏறு."

தம்பி வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்கு வந்தான். லோடக்கா உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அவனை உட்காரவைக்க இந்த வண்டியில் வேறு இடம் இல்லை. நாலு கதவு வண்டியாக இருந்தால் பின்சீட்டில் தள்ளியிருப்பாள், முகத்தைப் பார்க்காமலாவது ஓட்டியிருப்பாள். இதில் இருப்பது ஒரே ஒரு இருக்கை, அவள் பக்கத்தில், முழங்கையோடு முழங்கை உரசுகிற தூரத்தில். இனி தினமும் இப்படித்தான் போகவேண்டும். அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். பின்னால் எட்டடிப் பலகை மொத்தமும் உள்ளே அடங்கிக் கதவு கச்சிதமாக மூடியிருந்தது.

"எனக்கு ஞாபகம் இருக்குக்கா," என்றான் தம்பி. "சொன்ன அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல."

அவள் சாவியைத் திருகினாள். வண்டி உறுமிக் கிளம்பியது.

"இருக்கணும்," என்றாள் லோடக்கா. "உனக்காவது இருக்கணும்."