சுவருக்குப் போட்ட கட்டு

திருப்பதிக்குப் பயிற்சிக்குப் போன வாத்தியார்கள் முப்பது பேரில், மறுநாள் காலை தலையில் முடியோடு வகுப்புக்கு வந்தவர்கள் நாலே பேர். மற்றவர்கள் முதல் நாள் சாயங்காலமே மலைக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டிருந்தோம். சர்க்காரே திருப்பதிக்கு அனுப்பும்போது சாமி கடனை யார் பாக்கி வைப்பார்கள்? பாடம் நடத்த வந்த இன்ஜினியர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நின்ன வச்சின வாள்ளேரி?" என்றார். நேற்று வந்தவர்கள் எங்கே என்று கேட்கிறார். சந்தனம் பூசிய என் மண்டையைத் தடவிக்கொண்டே, "மேமே சார்" என்றேன், நாங்களேதான் என்று. மீசை மிச்சமிருந்ததால் என்னை மட்டும் அடையாளம் கண்டுகொண்டார்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். எனக்குக் கீழே வேலை செய்ய வேறு வாத்தியார் கிடையாது. ஆகவே எனக்கு நானே தலைமை. பள்ளிக்கூடம் எப்படித் திட்டமிட்டுக் கட்டுவது என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்தப் பத்து நாள் பயிற்சி.

வெளிச்சம் பிள்ளைகளின் இடது பக்கமிருந்து வரவேண்டும், அப்போதுதான் எழுதுகிற கையின் நிழல் சிலேட்டில் விழாது. கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வரைபடம் போடச் சொன்னபோது, நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து முதலில் என் நாற்காலியைப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி அறையைக் கட்டினேன். இது பள்ளிக்கூடமா, உங்கள் படுக்கை அறையா என்று இன்ஜினியர் கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல, வகுப்பே சிரித்தது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பழைய கட்டடங்களைப் பற்றிச் சொன்னார். சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய காகிதத்தைப் பசை தடவி ஒட்டுங்கள், தேதி எழுதி வையுங்கள். காகிதம் அப்படியே இருந்தால் அது பழைய விரிசல், பயமில்லை. காகிதம் கிழிந்தால் சுவர் நகர்கிறது. அதற்குமேல் அவர் சொன்னது இன்றைக்கும் அவர் குரலிலேயே காதில் இருக்கிறது: "காகிதம் சினிகிதே, பிள்ளல்னி பயட்டிகி பம்பேயண்டி." கிழிந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு மட்டும் நான் ஜோக்கு எதுவும் அடிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து மேற்குச் சுவர் நினைவுக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் என்பது ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் வேர்க்கடலை மூட்டை போட்டுவைத்திருந்த கொட்டகை. மண் சுவர், ஓட்டுக் கூரை. மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் இறங்கியிருந்தது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு காகிதப் பட்டை வெட்டினேன். பசைக்கு என்ன செய்வது என்று கேட்டபோது நாலாவது வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பா தறி நெய்கிறவர். "எங்க ஊட்ல பாவு நூலுக்குப் போட கஞ்சி காச்சுவாங்க சார். நைனாகிட்ட கேட்டு எத்தாரேன்" என்றாள். கொட்டாங்கச்சி நிறையக் கொண்டுவந்தாள். நான் ஒட்டுவதை வாய் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், எதற்கு என்று கேட்டார்கள்.

"சுவருக்கு அடி பட்டுடுச்சுடா. கட்டு போடறேன்" என்றேன்.

"உங்க மண்டைக்கும் ஒண்ணு போடட்டுமா சார்? மேல மூடறதுக்கு ஒண்ணுமே இல்லியே" என்றாள் அவள். எனக்கு ஏற்ற சிஷ்யை. அன்றிலிருந்து அவளுக்கு டாக்டரம்மா என்று பேர் வைத்தேன். தினம் காலையில் பட்டையைப் பார்த்துவிட்டு வந்து, "கட்டு நல்லா கீது சார்" என்று சொல்வது அவள் உத்தியோகம்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள் அவள் வந்து, "கட்டு கிழிஞ்சிபோச்சு சார்" என்றாள்.

அன்று சாயங்காலமே பெரியதனக்காரரிடம் போனேன். அவர் களத்தில் நின்றிருந்தார். மேலே எழுதிப் போட்டுக் கட்டடத்தை மூடச் சொல்ல வேண்டும் என்றேன்.

"மூடிட்டா பசங்க எங்க போவும்?"

"அடுத்த ஊர்த் தெலுங்குப் பள்ளிக்கூடத்துல சேத்துடுவாங்க."

"அப்போ எல்லை பிரிக்கிறவங்க வந்து கேட்டா, இந்த ஊர்ல தமிழ் படிக்கிற புள்ள ஒண்ணுகூட இல்லன்னு எழுதிக்கினு போவாங்க. அதுக்கா வாத்தியாரே உன்ன வச்சிருக்கோம்? எல்லை முடியட்டும். மெட்ராஸ் பக்கம் போனதும் கல்லுல கட்டிக்கலாம். அதுவரைக்கும் தாங்காதா?"

தாங்கும் என்று சொன்னேன். அவர் பேரில் பழியைப் போட்டுவிட்டால் எனக்குச் சுலபம்தான். ஆனால் அன்றைக்குத் திரும்பி நடக்கும்போது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது என்பதையும் எழுதவேண்டும். ஒரு ஊரையே தமிழுக்குக் காப்பாற்றி வைத்திருக்கிறேனாம். வருகைப் பதிவேட்டைத் தவிர ஆயுதம் எதுவும் இல்லாத தளபதி.

மறுநாள் பிள்ளைகளிடம், "பழைய கட்டைப் பிரிச்சிட்டுப் புதுசா போடணும்டா, அதான் வைத்தியம்" என்று சொல்லி இன்னொரு பட்டை ஒட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அது பத்து நாள் இருந்தது. மூன்றாவதை ஒட்டினேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பட்டை இரண்டே நாள் இருந்தது.

மூன்றாவதும் கிழிந்ததற்கு மறுநாள் காலை மழை விட்டு வெயில் அடித்தது. பிரார்த்தனைக்காகப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். அவள் பிந்தி வந்தாள். கையில் கொட்டாங்கச்சி.

"ஒட்டிட்டு வரேன் சார். இன்னிக்கு கெட்டியா இருக்குது கஞ்சி."

"போங்க டாக்டரம்மா, நோயாளி காத்துக்கினு இருக்கான்" என்றேன்.

நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சுவர் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையை இறக்கிப் போட்டதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் ஓடுகள் சரிந்தன. கையாலேயே மண்ணைத் தள்ளினோம். அதற்குமேல் எழுத என்னால் ஆகாது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, மற்ற பிள்ளைகளைப் பிரார்த்தனைக்காக வெளியே வைத்திருந்ததால் பெரிய ஆபத்து தவிர்க்கப்பட்டது என்று எழுதிக்கொண்டுபோனார். நான் மறுக்கவில்லை. காகிதப் பட்டை எல்லாம் மண்ணோடு போய்விட்டிருந்தது. பட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எல்லை ஒரு வழியாக முடிந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. பிறகு கல் கட்டடமும் வந்தது. வெளிச்சம் இடது பக்கம், கதவு வெளிப்பக்கம், எல்லாம் என் வரைபடப்படி. என் நாற்காலியை மட்டும் காற்று வராத மூலையில் போட்டுக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து அதே பயிற்சியில் பாடம் நடத்த என்னையே திருப்பதிக்குக் கூப்பிட்டார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள் வேண்டுமாம். பேசினேன், சிரித்தார்கள். விரிசலுக்குக் காகிதம் ஒட்டுவதைப் பற்றிச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் எழுந்து, "பசை எதுல சார் செய்யணும்?" என்று கேட்டார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த ஜோக்குக்குத் தயார் ஆகிறேன் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

ஊருக்குத் திரும்புகிற வழியில் நகரியில் இறங்கினேன். டாக்டரம்மாவின் அப்பா குடும்பத்தோடு அங்கே குடிவந்திருந்தார். தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் தறியின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு, "வாங்க சார், உக்காருங்க" என்றார். நான் சொல்ல வந்ததை ஆரம்பிப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"உங்க மூஞ்சில முழிக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு சார். அதான் ஊரையே உட்டு வந்துட்டேன். அன்னிக்கு அவ போமாட்டேன்னுதான் சொன்னா. செவுத்துக்கு ரொம்ப நோவுது நைனா, கட்டு நிக்கவே மாட்டேங்குதுன்னா. நான்தான், கஞ்சி தண்ணியா இருந்துச்சு போல, இந்தவாட்டி கெட்டியா காச்சித் தரேன், எத்துக்கினு போன்னு அனுப்சேன். மொதல்லயே கெட்டியா காச்சிக் குடுத்திருந்தா அந்தச் செவுரு நின்னிருக்குமில்ல சார்?"

இத்தனை வருஷமாக மனிதர் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கச் சொன்ன கட்டுக் கதையை.

சொல்லிவிட்டேன். காகிதம் சுவரைப் பிடித்து நிறுத்துவதற்கு இல்லை, சுவர் விழப்போகிறது என்று நமக்குக் காட்டுவதற்கு. முதல் காகிதம் கிழிந்த அன்றே பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டாவதை ஒட்டினேன், மூன்றாவதையும் ஒட்டினேன்.

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நெய்த துணியின்மேல் கையை வைத்துத் தடவினார்.

"அப்போ கஞ்சி சரியாத்தான் இருந்துச்சா சார்?"

"சரியாத்தான் இருந்துச்சு."

அவர் உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, இங்க வா. கஞ்சி சரியாத்தான் இருந்துச்சாம்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.