வான்கொடி

பள்ளியில் தமிழ் டீச்சர் நான். ஆனால் புதுச்சொல் பிறந்ததெல்லாம் சமூக அறிவியல் எடுத்த ஜெயப்ரியாவின் வாயில்தான்.

2007 வாக்கில் மேடவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். சாயங்காலம் வடிவேலுவின் ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வருவோம். அங்கிருந்து அவள் முடிச்சூருக்கு பஸ் பிடிப்பாள். அந்த ஆட்டோவில் ஒரு அதிசயம் உண்டு. ஏறி உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள், வேங்கைவாசல் தாண்டுவதற்குள் தன் கர்ப்பப்பையில் தொடங்கி மருமகளின் படுக்கையறை வரை சொல்லி முடித்திருப்பாள்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஜெயப்ரியா பெயர் வைத்தாள். போகிற வழியெல்லாம் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் சிந்திக்கொண்டே போகிறவர் 'ஒழுகு லாரி'. எங்கள் ரோட்டில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கேட்பதற்கு முன்பே வீட்டுக் கதையைக் கடைபரப்புகிற ஆள் 'பொட்டலம்பிரிச்சான்'. டிபன் டப்பா திறக்கும் நேரம் பார்த்துத் தன் மூல நோயைப் பற்றிப் பேசும் கணக்கு வாத்தியார் 'மூலவர்'. நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அவள் மட்டும் ஒன்றும் அறியாதவள்போல் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

வடிவேலுவின் ஆட்டோவில் எப்போதும் எஃப்.எம். ஓடும். நாங்கள் திரும்பும் நேரத்தில் ஒரு நிகழ்ச்சி. இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயத்தை போனில் சொல்லிவிட்டு, பிடித்த பாட்டைக் கேட்டு வாங்கலாம். அழுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வார்கள். அவர்களுக்கு ஜெயப்ரியா வைத்த பெயர் 'வான்கொடி'.

"நாம உள்பாவாடைய மாடிக் கொடியிலகூட துண்டு போட்டு மூடித்தான் காயப் போடுறோம்க்கா. இவங்க வானத்துலயே கொடி கட்டிட்டாங்க" என்றாள்.

வடிவேலுவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. ரேடியோவைத் திருப்பும்போதெல்லாம், "இன்னா டீச்சர், இன்னிக்கு வான்கொடில எவன் வேட்டி காயுது?" என்பார்.

ஊரார் வாயைக் கிண்டலடித்தவள் தன் வீட்டுச் சங்கதி ஒன்றையும் வெளியே விட்டதில்லை. ஒரே ஒரு முறை, அதுவும் என்னிடம் மட்டும் உடைந்தாள். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தை இல்லை. மாமியார் அவளைச் சனிக்கிழமைதோறும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இழுத்துப்போய் விளக்குப் போடச் சொல்லி, திரும்பும் வழியில் "மலடு" என்று காதுபடச் சொன்னாளாம். பரிசோதனை முடிவின்படி குறை ஜெயப்ரியாவிடம் இல்லை. அவள் கணவன் கிருபாவிடம் இருந்தது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு கையப் புடிச்சு அழுதாருக்கா. சரி, என்னோடதுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அன்றைக்கே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் அந்தப் பழியைச் சுமந்த விதத்தில் ஒரு பெருமையும் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு புதன்கிழமை, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தது. ரேடியோவில் ஒரு குரல் முடிச்சூரிலிருந்து பேசுவதாகச் சொன்னது.

"என் பேரு கிருபா. என் வைஃப் ஜெயப்ரியா, மேடவாக்கத்துல டீச்சரா இருக்காங்க. அவங்களால தாயாக முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் சார். எங்க வீட்டுல வேற கல்யாணம் பண்ணிக்கோன்னாங்க. நான் ஒத்துக்கல. எனக்குக் கொழந்தை வேணாம், அவ போதும்."

அறிவிப்பாளர் குரல் தழுதழுத்தது. இப்படி ஒரு கணவன் கிடைக்க அந்தப் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். கிருபா ஒரு காதல் பாட்டுக் கேட்டான். ஆட்டோவில் தினமும் எங்களோடு வருகிற அத்தனை பேரும் ஜெயப்ரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பரிதாபத்தை அவள் எப்படித் தாங்கினாளோ. பாட்டு பாதியில் இருக்கும்போதே வடிவேலு ரேடியோவை நிறுத்தினார்.

மறுநாள் டீச்சர்கள் ஓய்வறையில் அவளுக்கு ஆறுதல் சொல்ல வரிசை கட்டினார்கள். மூலவர்கூட ஒரு சித்த வைத்தியரின் விலாசம் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள்.

"வீட்டுல என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"உன்னைப் பத்தி நல்லவிதமாத்தானே சொன்னேன்னாருக்கா. ஆபீஸ்ல எல்லாரும் கைகொடுத்தாங்களாம். பொய் சொன்னது அவருக்கே மறந்துபோச்சு போல." டிபன் டப்பாவை மூடினாள். "நான் எதை மூடி வெச்சேனோ, அதையே எடுத்து என் தலையில கொட்டிட்டாரு."

அடுத்த வாரம் ஆட்டோவில் ஏறியதும் அவளே, "அண்ணா, ரேடியோ போடுங்க" என்றாள். பிறகு தன் செல்போனை எடுத்து எண்ணைத் தட்டினாள். பிஸி. மறுபடி தட்டினாள். கேம்ப் ரோடு வரும்போது லைன் கிடைத்தது. அவள் குரல் பக்கத்திலும் கேட்டது, ஸ்பீக்கரிலும் கேட்டது.

"உங்க ரேடியோ வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க மேடம்" என்றார் அறிவிப்பாளர். வடிவேலு ஆட்டோவை ஓரங்கட்டி ரேடியோவை அணைத்தார். அதற்கப்புறம் எங்களுக்குக் கேட்டது ஜெயப்ரியாவின் குரல் மட்டும்தான்.

"முடிச்சூர்லேர்ந்து ஜெயப்ரியா பேசறேன். போன வாரம் கிருபான்னு ஒருத்தர் பேசினாரே, அவர் வைஃப். அவர் சொன்னதுல ஒரு திருத்தம் சார். குறை எனக்கில்லை, அவருக்கு. இத்தனை நாள் அவருக்காக நான் சொன்ன பொய்யைத்தான் உங்ககிட்ட வந்து சொல்லிப் பேர் வாங்கிட்டுப் போனார்."

மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"பாட்டெல்லாம் வேணாம் சார். என் மாமியார் இந்த நிகழ்ச்சியை ஒருநாள் விடாம கேப்பாங்க. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

போனைப் பைக்குள் போட்டாள். வடிவேலு வண்டியை எடுக்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நானும் வான்கொடி ஆயிட்டேன்க்கா" என்றாள் ஜெயப்ரியா. அவள் வைத்த பெயர்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் அதன்பிறகு நான் சிரித்ததில்லை.