ஆரத்தித் தட்டில் குழாய்த் தண்ணீர்

விண்ணப்பித்த முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஏழாவது பிரிவு. ஒரு சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு, புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் ஏன் செந்நிறமாக வருகிறது என்று அந்தச் சட்டத்தின்கீழ்க் கேட்டிருந்தேன். அரசு அலுவலகத்திலேயே தலை நரைத்தவன் நான். என் மனுவில் ஒரு புள்ளிகூடக் குறை சொல்ல முடியாது. பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். அதற்கும் வரவில்லை.

எதிர்வீட்டுப் பெண், தான் வேலை பார்த்த பஞ்சு மில் மூடியபின் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போகிறவர். அந்தத் தண்ணீரால் காமாலை வந்து அவர் மகள் அப்போதுதான் தேறியிருந்தாள். அடுத்த மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

“போடறேன் சார். ஆனா உங்க பேப்பருக்கு அவங்க அசைய மாட்டாங்க. ஓட்டு கேக்க நம்ம தெருவுக்கு வந்துதான ஆவணும்?”

விவரம் தெரியாத பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்தல் வந்தது. எம்.எல்.ஏ. மேளத்தோடு வந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டுகளோடு நின்றார்கள். எல்லாத் தட்டிலும் சிவப்புத் தண்ணீர். எதிர்வீட்டுப் பெண்ணும் முறைப்படி மூன்று சுற்று சுற்றிவிட்டுச் சொன்னார்:

“இதுல மஞ்சளும் போடல, சுண்ணாம்பும் போடலண்ணே. கொழாயில வந்தபடியே புடிச்சாந்தேன்.”

மேளம் நின்றது. எம்.எல்.ஏ. சிரித்துச் சமாளித்தார். “தேர்தல் விதி அமல்ல இருக்கும்மா. இப்ப ஒண்ணும் செய்ய முடியாது.”

விதிப்படி அது சரி. நானே தலையாட்டிவிட்டேன்.

“செரிண்ணே. அதுக்கு முன்னாடி அஞ்சு வருசம் எந்த விதி அமல்ல இருந்திச்சி?”

எங்கள் ஊர்த் தொகுதிகள் சிறியவை. நாலைந்து தெரு மனம் மாறினால் ஆளே மாறிவிடுவார். மாறினார். வாக்குச்சாவடிவாரிக் கணக்கைப் பார்த்தேன். எங்கள் சாவடியில்தான் அவர் அதிகம் சரிந்திருந்தார்.

வென்றவர் நன்றி சொல்ல வந்தபோது, யாரும் கேட்காமலே குழாயைத் திறந்து பார்த்தார்.

“நல்லாப் பாத்துக்கங்கண்ணே,” என்றார் எதிர்வீட்டுப் பெண். “தட்டு வீட்டுலதான் இருக்குது.”

ஆடி முடிவதற்குள் புதுக் குழாய் பதித்துவிட்டார்கள்.

என் மனுவுக்குப் பதில், புதுக் குழாயில் தண்ணீர் வந்த மறுவாரம் வந்தது. அதையும் கோப்பில் சேர்த்தேன். ஆனால் எங்கள் தெருவுக்குப் பதில் வந்த தேதி எது என்று யாராவது கேட்டால், ஓட்டு எண்ணிய நாளைத்தான் இன்றும் சொல்கிறேன்.