டிசம்பரில் வந்த டவுன் பஸ்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்றைக்குத்தான் நான் பாலக்கோட்டுக்குப் போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. எப்படியோ எனக்கு ஒரு சீட் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், போனில் புதிதாக வந்திருக்கும் கேம்களின் பக்கத்தைத் திறந்து கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே வந்தாள். டிராகன், துப்பாக்கி, கார், பந்து, மறுபடி துப்பாக்கி. ஒவ்வொன்றின் தலையிலும் பண்டிகைத் தள்ளுபடி என்று சிவப்புப் பட்டை. அந்தக் கட்டைவிரல் எதிலும் நிற்கவில்லை. காரணமே இல்லாமல் எனக்கு அந்த விரல் மீது கோபம் வந்தது.

காரணம் இல்லை என்றது பொய். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு காலத்தில் நானும் கேம் செய்தவன்தான். தருமபுரியில் என்னைக் கல்யாண வீடியோவுக்குப் பாட்டு ஒட்டுகிற ஆளாகத்தான் தெரியும். அதனால் இதைச் சொன்னால் கேட்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, ரிசப்ஷன் வீடியோ எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள்.

நாங்கள் மூன்று பேர். சுமதி படம் வரைவாள். மகேஷ் புரோகிராம் எழுதுவான். சத்தமெல்லாம் என் பொறுப்பு. ஒரே கல்லூரியில் படித்துவிட்டு, ஆளுக்கொரு வேலைக்குப் போகாமல் ஒரு பேக்கரியின் மாடியில் அறை பிடித்தோம். மத்தியானம் ஆனால் கீழே பன் வேகும் வாசம் படியேறி வரும். இன்றைக்கும் எந்த ஊரில் அந்த வாசம் அடித்தாலும் முடிக்காத வேலை ஏதோ மிச்சமிருப்பதுபோல மனம் பதறும். பேக்கரிக்காரருக்கு எங்கள் தொழில் கடைசிவரை பிடிபடவில்லை. "மேல என்னாங்க பண்றீங்க, வெளையாடறீங்களா, வேலை பாக்கறீங்களா?" என்பார். இரண்டும்தான் என்போம்.

கேமின் பெயர் 'டவுன் பஸ்'. விளையாடுகிறவர்தான் கண்டக்டர். தருமபுரியில் கிளம்பி பாலக்கோடு போய்ச் சேரவேண்டும். தக்காளிக் கூடைக்கு இடம் பண்ணவேண்டும், சண்டை போடுகிறவர்களைப் பிரித்து உட்காரவைக்கவேண்டும், தூங்கிவிட்ட பெரியவரை அவர் ஊர் வரும்போது எழுப்பவேண்டும். யாரும் சாகமாட்டார்கள். நடக்கக்கூடிய ஆகப்பெரிய கொடுமை, அந்தப் பெரியவர் தன் ஊரைத் தாண்டிப் போய்விடுவதுதான்.

சத்தம் பிடிப்பதற்காக நிஜ பஸ்ஸில், துணிப்பைக்குள் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு போய்வருவேன். கண்டக்டர் மாதப்பன் ஒருநாள் கேட்டேவிட்டார். "பைய அப்பிடி அணைச்சிக்கினு வரீங்க, உள்ள என்னாங்க, நகையா?" விஷயத்தைச் சொன்னதுதான் தப்பு. அடுத்த நடையிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பையும் மேடையில் பேசுகிறவர் மாதிரி முழங்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, எப்பவும் போல சொல்லுங்கண்ணா."

"எப்பவும் எப்பிடி சொல்வேன்னு எனக்கே மறந்துபோச்சுங்களே."

அவருக்கு அது ஞாபகம் வரும்வரை அலைந்தேன். அப்படி அலைவதே எனக்குப் பிடித்திருந்தது.

ஆடி மாதம் கேம் முடிந்தது. எங்களுக்குப் பணம் போட்டவர் பெங்களூரில் இருந்தார். எந்தத் தேதியில் வெளியிடுவது என்பது ஒப்பந்தப்படி அவர் கையில் இருந்தது. டிசம்பர் லீவில்தான் விடவேண்டும் என்று போனில் சொன்னார்.

"இப்பவே விட்றலாங்க சார். இப்ப யாரும் எதையும் விடல" என்றாள் சுமதி.

"டிசம்பர்லதாம்மா ஜனம் போனைக் கீழ வைக்காது."

"எல்லாரும் அதே நெனப்புலதானே சார் கொண்டாருவாங்க? எல்லா வண்டியும் ஒரே நாள்ல மார்க்கெட்டுக்கு வந்தா என்னா ஆவும்னு எங்க வூட்ல கேட்டுப் பாருங்க." அவள் வீட்டார் தக்காளி பயிர் செய்கிறவர்கள்.

ஸ்பீக்கரில் அவர் சிரிப்பது கேட்டது. "இது தக்காளி இல்லம்மா. அழுகாது."

ஆகவே காத்திருந்தோம். வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் தினமும் அறைக்கு வந்தோம். கேமில் வரும் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் சுமதி மழைத்துளி வரைந்தாள். நான் அதற்கொரு சத்தம் தேடினேன். கேமை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் மாதப்பனிடம் விளையாடக் கொடுத்தோம். பாதி வழியிலேயே கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் தோற்றுப்போனார். "என்னையவே வேலைய விட்டுத் தூக்கிருச்சுங்க" என்று டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அத்தனை பெருமை அவருக்கு.

டிசம்பர் வந்தது. உலகமே வருடக்கணக்காக எதிர்பார்த்த ஒரு பெரிய கேம் அதே வாரம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. மிச்சமிருந்த இடத்தில் எங்களைப்போல எத்தனையோ பேர். புதுவரவுப் பக்கத்தில் எங்கள் பஸ் தெரிந்ததைப் பார்த்துவிட்டு டீ குடிக்க இறங்கினோம். திரும்பி வந்தபோது அதைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. விளையாடிப் பார்த்து வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்த சென்னைப் பையன், "லீவு கூட்டம் முடியட்டும் ப்ரோ, ஜனவரியில கண்டிப்பா" என்றான். ஜனவரியில் கேட்டபோது, அது பழைய கேம் ஆயிற்றே என்றான். அவனைக் குறை சொல்லமுடியாது. அவன் கையில் குவிந்தது அப்படி.

அந்த வாரத்தில் ஒருநாள் மகேஷ் கண்கள் சிவந்து அறைக்கு வந்தான். அந்தப் பெரிய கேமைத்தான் இரண்டு நாளாக விளையாடிக்கொண்டிருந்தானாம். சுமதி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கோபப்படவில்லை.

"நல்லா இருக்குதா?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்குது" என்றான். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

கீழேயிருந்து பேக்கரிக்காரர் கிறிஸ்மஸ் கேக் கொடுத்தனுப்பினார். அழுதுகொண்டேதான் அவனும் சாப்பிட்டான்.

கோடைக்குள் பெங்களூர்க்காரர் கம்பெனியை மூடினார். மகேஷ் பெங்களூருக்குப் போனான். பெரிய கேம்களில் காற்றுக்கு ஆடுகிற புல் செய்வது அவன் வேலை. சுமதி ஹைதராபாத்துக்குப் போனாள். போன வாரம் பேசினாள். அவள் கம்பெனியின் கேம் இந்த டிசம்பரில் வரவேண்டியதாம். அதே வாரத்தில் வேறொரு பெரிய கேம் வருகிறது என்று தெரிந்ததும் மார்ச்சுக்குத் தள்ளிவிட்டார்களாம்.

"ஒரே ஒரு மீட்டிங். சமோசா வந்துச்சு, தேதி மாறிப்போச்சு" என்றாள்.

"அன்னைக்கு நாமளும் தள்ளி வெச்சிருந்தா..."

"அப்பவும் யாரும் பாத்திருக்க மாட்டாங்களோ என்னமோ" என்றாள். "அது நல்ல கேமா, சுமாரா? அதுகூட நமக்குத் தெரியாமலே போச்சு பாரு. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

இப்போது எந்த ஆப் ஸ்டோரிலும் அந்தக் கேம் இல்லை. புதுப் போன்களில் திறக்கவும் திறக்காது. மாடி அறையில் மைதா மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மாதப்பன் ஓய்வு பெற்று மகளோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். இவை எதற்கும் நான் பெரிதாக ஏங்குவதில்லை. ஆடிக்கும் டிசம்பருக்கும் நடுவில் சில மாதங்கள் இருந்தனவே, அவற்றுக்காகத்தான் ஏங்குகிறேன். அந்த மாதங்களில் எங்களுடையது நல்ல கேம். மூன்று பேருக்கும் அதில் சந்தேகமே இருக்கவில்லை.