அண்ணை மறந்த பத்தடி

இந்த வேல்ஸ்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலை ஏறவேண்டும். உச்சியில் என்ன இருக்கிறது என்று, என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மெகனிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். கோயில்கூட இல்லையாம். கோயிலும் இல்லாமல், நேர்த்திக்கடனும் இல்லாமல் ஏறி இறங்குவது என்ன விசர் வேலையோ! வன்னியின் தட்டை நிலத்தில் பிறந்த எனக்கு மலையைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் கூப்பிட்டாள், போனேன்.

பஸ்கூடப் போகாத இடம். மெகனுடைய மாமாவின் செம்மறிகள் மேயும் மலை. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு, வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு, பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கி நடந்தாள். நான் அவளுடைய சப்பாத்துத் தடங்களில் மட்டும் கால் வைத்தேன். பாதி வழியில் சிவப்புப் பெயின்ற் அடித்த கம்புகள் வரிசையாக நின்றன. "மெகன், நில்!" என்று கத்திவிட்டேன். அவை புதுவேலிக்கு மாமா நட்ட அடையாளக் கம்புகளாம். நான் களைத்துப்போனேன் என்று நினைத்து, பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

எங்கள் ஊர் ஜெயபுரத்தில் வயலுக்கு முன்னாலும் சிவப்புக் கம்புகள்தான். மிதிவெடி எடுக்கிறவர்கள் நட்டவை. அப்பா கம்புக்கு இந்தப் பக்கம் நின்று தன் காணியைப் பார்த்தார். பார்த்தபடியே செத்தும் போனார். வாசிக்கிற உங்களுக்குச் சொல்ல என்ன வெட்கம், எனக்கு மெகனில் பொறாமை. அவளுடைய வீட்டிலோ கடவுச்சீட்டிலோ இல்லை, நிலத்தைப் பார்க்காமல் நடக்கிற அந்தக் கால்களில்.

உச்சியில் ஒரு கற்குவியல் மட்டும் இருந்தது. ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைப்பது வழக்கமாம். மெகன் புல்லுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். நிலத்தில் கிடப்பதைத் தொடாதே என்று வளர்ந்தவள் நான். குவியலிலேயே ஒரு கல்லை எடுத்துத் திரும்ப அதிலேயே வைத்தேன். அவள் சிரித்தாள்.

அங்கேதான் சிக்னல் வந்தது. ஜெயபுரத்தில் இருந்து அண்ணையின் அழைப்பு.

"தங்கச்சி, வெடியெல்லாம் எடுத்துக் காணிய விட்டிட்டாங்கள். கம்பெல்லாம் புடுங்கியாச்சு. காலமை வெறுங்காலோட இந்த முனையில இருந்து அந்தத் தொங்கல் மட்டும் நடந்து போனனான்."

சந்தோசம்தான். ஆனால் அதற்கு முன்னால் வந்தது பழைய பொறாமை, இப்போது கூடப்பிறந்தவரிலேயே.

"கீழ பாக்காமலோ நடந்தனீங்கள், அண்ணை?"

"முதல் பத்தடி பாத்தனான். பிறகு மறந்துபோச்சு."

இறங்கும்போது மெகன் முன்னால் போனாள். அண்ணை மறந்துவிட்ட அந்தப் பத்தடியை நான் இன்னும் தாண்டவில்லை. காணி அங்கே அவருடைய காலுக்குக் கீழே இருந்தது. நான் வேல்ஸ் மலையில், மெகனின் ஒவ்வொரு தடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினேன்.